ஹெலிகாப்டர் இறங்கும்போது ஏன் அப்படித் தடதடக்கிறது? அரசாங்க ஆராய்ச்சிகள் கண்டதும் கோலாலம்பூருக்கு அவை தருவதும்

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் 19ஆவது மாடியில், இரண்டு மாதக் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் தேசிய தின ஒத்திகைக்காக ஹெலிகாப்டர்கள் கூட்டமாகப் போகின்றன. அதைப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் ஆண்டு முழுவதும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஏதோ ஒரு ஹெலிகாப்டர் அருகில் எங்கோ வந்து இறங்குகிறது. மேலே நேராகப் பறந்து போகும்போது இல்லாத சத்தம் இறங்கும்போதுதான் வருகிறது. சன்னல் கண்ணாடி நடுங்குகிறது, குழந்தை திடுக்கிட்டு அழுகிறது. இந்தச் சத்தத்தைக் குறைக்க எந்த அரசாங்கமாவது ஆராய்ச்சி செய்கிறதா? செய்கிறது என்றால் ஏன் இன்னும் இப்படியே இருக்கிறது? நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?"

நான் பட்டர்வொர்த்தில் பிறந்தவன். சுபாங் விமான நிலையத்தில் 27 ஆண்டுகள் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பணியின் விளைவாக என் வலது காதில் மெல்லிய உச்ச ஒலிகள் இப்போது கேட்பதில்லை. பேத்தி காதருகே வந்து குசுகுசுவென்று சொல்லும் ரகசியத்தை இடப்பக்கம் வந்து சொல்லச் சொல்கிறேன். ஆகவே இந்தக் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் நேரடியான விடை. ஆம், ஆராய்ச்சி நடக்கிறது; அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்சு, ஜப்பான் போன்ற நாடுகளின் அரசாங்க ஆய்வு நிலையங்கள் பல பத்தாண்டுகளாக இதில் உழைத்து வருகின்றன. சத்தம் எங்கிருந்து பிறக்கிறது, எந்த நிலையில் பெருகுகிறது, எதைச் செய்தால் குறையும் என்பதெல்லாம் இன்று நன்றாகத் தெரியும். "இறங்கும்போதுதான் வருகிறது" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில் இருப்பதுதான் அந்த ஆராய்ச்சிகளின் மையமான விஷயம். எந்தக் கருவியும் இல்லாமல் உங்கள் காது அதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது.

பலர் நினைப்பதுபோல அந்தத் தடதடப்பு இயந்திரத்தின் சத்தம் அன்று. இயந்திரத்திலிருந்து வருவது ஒரு கூரிய சீழ்க்கை. பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது பெரும் வேதனை என்றாலும் காற்று அதைச் சீக்கிரமே விழுங்கிவிடுகிறது, சில நூறு மீட்டர் தாண்டினால் வலுவிழந்துபோகும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் வந்து சேர்வது மேலே சுழலும் பிளேடுகளின் சத்தம். ஹெலிகாப்டர்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கரில் நாங்கள் ரோட்டர் என்றும் பிளேடு என்றும்தான் சொல்வோம். இங்கே ரோட்டரைச் சுழலி என்றும் பிளேடை இறக்கை என்றும் எழுதுகிறேன்.

இறக்கை காற்றைக் கிழித்துப் போகும்போது, தன் தடிமனால் காற்றை இருபுறமும் தள்ளுகிறது. அது ஒரு சத்தம். காற்றைக் கீழே அழுத்தித் தூக்குவிசையைப் பெறுகிறது. அது இன்னொரு சத்தம். இவை இரண்டும் எப்போதும் உண்டு. ஹெலிகாப்டர் மிக வேகமாகப் போகும்போது, முன்னோக்கி வீசும் இறக்கையின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிச் சாட்டை அடிப்பதுபோல் ஒரு சத்தம் எழுப்பும், இது மூன்றாவது. வியட்நாம் போர்க்காலத்து இரண்டு இறக்கை ஹியூவி ஹெலிகாப்டரின் புகழ்பெற்ற 'வப், வப்' சத்தத்தில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அதன் சுழலி நிமிடத்துக்கு 324 முறை சுற்றியது, விட்டம் ஏறத்தாழ 14.6 மீட்டர், கணக்குப் போட்டால் நுனி நொடிக்குச் சுமார் 248 மீட்டர் வேகத்தில் ஓடியிருக்கிறது. அதனுடன் பறக்கும் வேகத்தையும் கூட்டினால் ஒலியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். இன்றைய ஹெலிகாப்டர்களில் நுனி வேகம் பெரும்பாலும் நொடிக்கு 200 முதல் 220 மீட்டருக்குள் அடங்குகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலியே சற்று வேகமாக, நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடுவதால், இந்த மூன்றாவது சத்தம் குளிர்நாடுகளைவிட இங்கே கொஞ்சம் குறைவு.

உங்கள் வீட்டுக் கண்ணாடியை நடுங்க வைப்பது நான்காவது. அதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் விடியற்காலை, இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம், சுபாங்கில் ஒரு பெரிய ஹெலிகாப்டர் பாரமேற்றிக்கொண்டு கிளம்பியது. காற்றில் அவ்வளவு ஈரம் இருந்ததால், ஒவ்வோர் இறக்கையின் நுனியிலிருந்தும் வெள்ளை நூல்போல ஒரு கோடு புறப்பட்டு, முறுக்குப் பிழிந்தாற்போல வளையம் வளையமாகக் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அன்று ஈரம் காட்டிக் கொடுத்தது. இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. நுனியில் தடுப்பு ஏதும் இல்லாததால் காற்று கீழிருந்து மேலே சுருண்டு ஏறி, கயிறுபோல இறுகிய ஒரு சுழியாகப் பின்னால் நீளுகிறது. அந்தச் சுழியின் நடுவில் காற்று மிகக் கடுமையாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பினாங்குக் கால்வாயில் சிறு படகில் போனவர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. பெர்ரி கடந்துபோன பின் அதன் அலைத்தடம் சிறிது நேரம் நீரில் நிற்கும். அந்தத் தடத்தைச் சிறு படகு குறுக்கே வெட்டினால் படகின் அடிப்பாகம் 'தட், தட்' என்று அறையும். தடம் விலகிப் போயிருந்தால் ஒன்றும் தெரியாது. ஹெலிகாப்டரில் ஓர் இறக்கை விட்டுச் சென்ற சுழியை அதற்கு அடுத்து வரும் இறக்கை வெட்டினால் நடப்பதும் இதுதான். இறக்கையின் மேல் அழுத்தம் ஒரு நொடியின் சிறு துணுக்கு நேரத்தில் திடீரென்று மாறுகிறது. அந்தத் திடீர் மாற்றமே காதில் அறையாக விழுகிறது. சுழி எவ்வளவு அருகில் இருக்கிறதோ, இறக்கை நெடுக எவ்வளவு ஒரே நேரத்தில் அது படுகிறதோ, அந்த அளவுக்கு அறை பலமாக இருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேராகப் பறக்கும்போது சுழலி காற்றைக் கீழே தள்ளுவதால் சுழிகளும் கீழே போய்விடுகின்றன. அடுத்த இறக்கை வரும்போது அவை கீழே விலகிக் கிடக்கும். ஏறும்போது இடைவெளி இன்னும் கூடும். சாய்வாக இறங்கும்போதோ ஹெலிகாப்டரும் கீழே வருகிறது, சுழியும் கீழே போகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் இறங்கினால் சுழிகள் சுழலி சுற்றும் தளத்திலேயே தங்கிவிடுகின்றன, ஒவ்வோர் இறக்கையும் முந்தைய இறக்கையின் சுழியை வெட்டிக்கொண்டே வருகிறது. வழக்கமான ஹெலிகாப்டர்களில், ஏறத்தாழ 6 பாகைச் சரிவில், 60 முதல் 80 நாட் (மணிக்கு ஏறத்தாழ 110 முதல் 150 கிலோமீட்டர்) வேகத்தில் இறங்கும்போது இது மிக மோசமாக இருக்கும். இந்தச் சரிவும் இந்த வேகமும்தான் பெரும்பாலான விமானிகளுக்கு இயல்பாகக் கைவருபவை என்பதுதான் வருத்தமான விஷயம். இன்னும் செங்குத்தாக இறங்கினால் சுழிகள் சுழலிக்கு மேலே போய்விடும், சத்தம் மறுபடி தணியும். மிகச் சத்தமான அந்தப் பகுதி சரிவிலும் வேகத்திலும் ஒரு குறுகிய பட்டைதான் என்பதை நினைவில் வையுங்கள்; பின்னால் இது உதவும்.

இந்தச் சத்தம் மற்றச் சத்தங்களைவிட நம்மைத் தொந்தரவு செய்வதற்கும் காரணம் உண்டு. இது துடிப்பாக வருகிறது. அரச மலேசிய ஆகாயப்படை 1968 முதல் 2019 வரை பயன்படுத்திய நூரி ஹெலிகாப்டருக்கு ஐந்து இறக்கைகள், நிமிடத்துக்கு ஏறத்தாழ 203 சுற்று; அதாவது நொடிக்குச் சுமார் 17 துடிப்பு. இரண்டே இறக்கை கொண்ட சிறு ஹெலிகாப்டர்களில் இது நொடிக்கு 13 அளவில் இருக்கும். இவ்வளவு தாழ்ந்த அதிர்வைக் காது ஒலியாகக் கேட்பதைவிடக் கதவும் சன்னலும் அதிகமாக 'கேட்கும்'. திரைச்சீலையோ சாதாரணக் கண்ணாடியோ இதைத் தடுக்காது. சாலைகளில் இரைச்சலை அளக்கும் வழக்கமான முறை, மனிதக் காதின் உணர்வுக்கேற்பத் தாழ்ந்த அதிர்வுகளைக் குறைத்துக் கணக்கிடுவதால், கருவி காட்டும் எண் சிறியதாக இருந்தும் வீட்டிலிருப்பவர் நொந்துபோகும் நிலை வருகிறது. புகார் கொடுத்தவரிடம் எண்ணைக் காட்டி "அவ்வளவு ஒன்றும் இல்லையே" என்று சொல்வது நியாயமன்று.

மாடி உயரமும் சேர்ந்துகொள்கிறது. 19ஆவது மாடி என்றால் தரையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர். ஹெலிகாப்டர் தரைக்கு மேல் 150 மீட்டரில் உங்கள் கட்டடத்தைக் கடந்தால் கீழே நிற்பவருக்கு 150 மீட்டர் தூரம், உங்களுக்கு 90 மீட்டர்தான். ஒலியளவில் அது 4 டெசிபலுக்குச் சற்று மேல். அதோடு, கீழே இருப்பவருக்கு மற்றக் கட்டடங்கள் தரும் மறைப்பு உங்களுக்குக் கிடையாது. எதிர்க் கட்டடத்துக் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் உங்களுக்கே வருகிறது.

டெசிபல் என்றதும் பலருக்குக் குழப்பம் வரும். பத்துமலைத் தைப்பூசத்தில் ஒரே பலத்தில் வாசிக்கும் உறுமிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் உறுமி இருந்த இடத்தில் இரண்டு உறுமி வாசித்தால் 3 டெசிபல் கூடும். பத்து உறுமி வாசித்தால் 10 டெசிபல் கூடும். ஆனால் நம் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்குச் சத்தமாகவே அது தோன்றும். ஆகவே "சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்" என்று யாராவது சொன்னால், ஆற்றலில் பாதியா, காது உணர்வதில் பாதியா என்று கேட்க வேண்டும். முன்னது 3 டெசிபல். பின்னது 10 டெசிபல். இரண்டுக்கும் நடுவே பல பத்தாண்டு உழைப்பு கிடக்கிறது.

அரசாங்கங்கள் இதில் இறங்கியது முதலில் மக்களின் தூக்கத்துக்காக அன்று, போருக்காக. சத்தம் கேட்டவுடன் எதிரி துப்பாக்கியைத் தூக்கிவிடுகிறான் என்பதே கவலை. 1960களின் இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயராய்வு முகமை பணம் கொடுத்து, ஹியூஸ் நிறுவனத்தின் ஓஎச்-6 என்ற சிறிய ஹெலிகாப்டரை அமைதிப்படுத்தும் பணியைத் தொடங்கியது. நான்கு இறக்கைகளை ஐந்தாக்கினார்கள், அவற்றின் நுனி வடிவத்தை மாற்றினார்கள், வால் சுழலியின் இரண்டு இறக்கைகளை நான்காக்கினார்கள், புகைபோக்கிக்குப் பெரிய ஒலியடக்கி வைத்தார்கள், இயந்திரத்தைச் சுற்றி ஒலியை உறிஞ்சும் போர்வை போட்டார்கள். இறக்கைகள் கூடினால் ஒவ்வொன்றும் சுமக்கும் பாரம் குறையும். சுழலியை மெதுவாகச் சுற்றினாலும் ஹெலிகாப்டர் மேலே நிற்கும். வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும் அதன் சுழலியை மெதுவாக்கிப் பறக்க முடிந்தது. அதன் வழிவந்த ஒரு ஹெலிகாப்டர் 1972 டிசம்பரில் வட வியட்நாமின் வின் நகருக்கு அருகே இரவில் போய்த் தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்திவிட்டு வந்தது. சத்தம் மிகக் குறைந்த ஹெலிகாப்டர் சாத்தியம் என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அதற்குக் கொடுத்த விலை, எடை கூடியது. மெதுவாகச் சுற்றும்போது சுமக்கும் திறனும் வேகமும் குறைந்தன. பயணியோ சரக்கோ ஏற்றிப் பிழைக்கும் நிறுவனம் அந்த விலையைத் தானாகக் கொடுக்காது.

குடிமக்களுக்கான ஆராய்ச்சி இதற்குப் பின் வேகமெடுத்தது. ஓர் இறக்கையை மாற்றினால் சத்தம் எவ்வளவு மாறும் என்று பறந்து பார்ப்பது ஆபத்தும் செலவும் மிக்கது. அதற்குக் காற்றுச் சுரங்கம் வேண்டும், அதுவும் சுவரில் எதிரொலி எழாத பெரிய சுரங்கம் வேண்டும். கலிபோர்னியாவில் நாசாவின் எய்ம்ஸ் ஆய்வு மையத்தில் இருக்கும் சுரங்கத்தின் பெரிய பகுதி 24 மீட்டர் உயரமும் 36 மீட்டருக்கு மேல் அகலமும் கொண்டது. உலகத்திலேயே மிகப் பெரியது அதுதான். இப்படிப்பட்ட ஒன்றை எந்தத் தனியார் உற்பத்தியாளரும் தன் பணத்தில் கட்டிப் பராமரிக்க மாட்டார். இந்த ஆராய்ச்சி அரசாங்கத்தின் கையில் இருப்பதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம், கண்டதை எல்லாருக்கும் திறந்து வைக்க அரசாங்கத்தால்தான் முடியும்.

அதற்கு நல்ல உதாரணம், நான் மிகவும் மதிக்கும் ஒரு சோதனை. நெதர்லாந்தின் மார்க்னெஸ்ஸ என்ற ஊரில் ஜெர்மனியும் நெதர்லாந்தும் சேர்ந்து நடத்தும் காற்றுச் சுரங்கத்தில், 1994இலும் பிறகு 2001இலும், ஜெர்மனியின் அரசு வானூர்தி ஆய்வு நிலையமான டிஎல்ஆர், பிரான்சின் அதே போன்ற நிலையமான ஒனேரா, நாசாவின் லாங்லி மையம், அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுப் பிரிவு ஆகியவை ஒன்றுசேர்ந்து ஹார்ட் என்ற பெயரில் சோதனை செய்தன. போ-105 என்ற ஹெலிகாப்டரின் சுழலியை 40 விழுக்காட்டு அளவில் செய்து, சரியாக அந்த மோசமான இறங்கு நிலையில் அதைச் சுழலவிட்டார்கள். கீழே ஒலிவாங்கிகளை வரிசையாக நகர்த்திச் சத்தத்தின் படத்தை எடுத்தார்கள். இரண்டாம் முறை லேசர் ஒளியால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சுழிகளையே படம்பிடித்தார்கள். பிறகு இறக்கையின் சாய்வை, ஒரு சுற்றுக்குள் பல முறை, ஒரு பாகைக்கும் குறைவாகச் சற்றே ஆட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு சிறிய ஆட்டத்திலேயே சுழி போகும் பாதையும் அதன் வலுவும் மாறி, சத்தம் 6 டெசிபல் வரை குறைந்தது. ஒரே ஆட்டம் எல்லாவற்றையும் சரிசெய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சத்தம் குறையும் அமைப்பில் அதிர்வு கூடியது, அதிர்வு குறையும் அமைப்பில் சத்தம் கூடியது. அந்த அளவீடுகள் திறந்து வைக்கப்பட்டதால் பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் கணக்கீட்டு முறைகளை இன்றுவரை அவற்றோடு ஒப்பிட்டே சரிபார்க்கிறார்கள்.

2008இல் எய்ம்ஸ் மையத்தில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். போயிங், நாசா, அமெரிக்க இராணுவம் முதலியோர் சேர்ந்து, முழு அளவுச் சுழலி ஒன்றின் ஐந்து இறக்கைகளிலும் சிறு மடிப்புத் தகடுகளைப் பொருத்தி, மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் ஒருவகைப் பீங்கான் அடுக்குகளால் அவற்றை ஆட்டினார்கள். அங்கும் 6 டெசிபல் வரை குறைந்தது. செய்தி வந்தபோது ஹேங்கரில் நாங்கள் அதை ஆவலோடு பேசிக்கொண்டோம். உடனே எங்களுக்கு ஒரு கவலையும் வந்தது. சுழலும் இறக்கையின் வெளிப்பகுதியில் இருக்கும் எந்தப் பொருளும் தன் எடையைப்போலப் பல நூறு மடங்கு விசையால் வெளியே இழுக்கப்படுகிறது. அங்கே அசையும் ஒரு பாகத்தை வைத்தால், அதை மாதக்கணக்கில், நம் ஊர் மழையிலும் உப்புக்காற்றிலும், பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும். பழுதானாலும் ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்க வேண்டும். அதை வான் போக்குவரத்து ஆணையத்துக்கு நிரூபிக்கவும் வேண்டும். ஆய்வகத்தில் வென்ற இந்தக் கருவி நம் தலைக்கு மேல் பறக்கும் ஹெலிகாப்டர்களுக்கு வராமல் போனதற்கு இதுவே பெரும் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அசையாத தீர்வுகள் மெதுவாக என்றாலும் வந்து சேர்ந்தன. ஒனேராவும் டிஎல்ஆரும் 1990களில் எராட்டோ என்ற திட்டத்தில், நேரான இறக்கைக்குப் பதிலாக முதலில் முன்னோக்கியும் பிறகு நுனியில் பின்னோக்கியும் வளைந்த இறக்கை ஒன்றை வடிவமைத்தன. நேரான இறக்கை சுழிக்கு இணையாக வரும்போது முழு நீளமும் ஒரே கணத்தில் அறைபடும். வளைந்த இறக்கையில் ஒவ்வொரு பகுதியும் சற்று முன்பின்னாகப் படுவதால் அறை சிதறிவிடுகிறது. அரிவாள்மணையில் காயை நேராக வைத்து அழுத்துவதற்கும் சாய்த்து இழுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். இந்த வடிவம் பின்னர் புளூ எட்ஜ் என்ற பெயரில் ஏர்பஸ் எச்160 ஹெலிகாப்டரில் வந்தது. 3 டெசிபல் குறைவு என்று நிறுவனம் சொல்கிறது. அந்த எச்160க்கு ஐரோப்பியச் சான்றிதழ் கிடைத்தது 2020இல். ஆய்வுத் திட்டத்திலிருந்து சான்றிதழ் பெற்ற ஹெலிகாப்டர் வரை கால் நூற்றாண்டுக்கு மேல்.

வால் சுழலியைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்குத் தொலைவில் கேட்கும் ரீங்காரம் அதனுடையது. அதைக் கூட்டுக்குள் அடைத்து, இறக்கைகளைச் சமமற்ற இடைவெளியில் வைத்தால் ஒரே சுருதியில் குவியும் ஒலி பல சுருதிகளாகப் பரவிக் காதை உறுத்தாமல் போகும். எச்135 போன்ற ஹெலிகாப்டர்களின் வாலில் நீங்கள் பார்க்கும் வட்டக்கூடு அதுதான்.

"ஏன் இன்னும் இப்படியே இருக்கிறது" என்ற கேள்விக்குப் பாதி விடை மேலே வந்துவிட்டது. மீதி, சட்டமும் ஆயுளும். புதிய வகை ஹெலிகாப்டருக்கு எவ்வளவு சத்தம் இருக்கலாம் என்பதற்கு அனைத்துலகப் பொது வான் போக்குவரத்து அமைப்பின் 16ஆம் பின்னிணைப்பில் வரம்பு உண்டு. மலேசியாவும் அந்த அமைப்பின் உறுப்பு நாடு. கிளம்புதல், 150 மீட்டர் உயரத்தில் கடத்தல், 6 பாகைச் சரிவில் இறங்குதல் என்று மூன்று நிலைகளிலும் அளக்கிறார்கள். எடை கூடக் கூட அனுமதிக்கப்படும் சத்தமும் கூடும். 2002க்குப் பின் வந்த வகைகளுக்கு வரம்பு மேலும் இறுக்கப்பட்டது. ஆனால் பழைய சான்றிதழோடு பறப்பவை தொடர்ந்து பறக்கின்றன, இராணுவத்தின் ஹெலிகாப்டர்களுக்கு இந்த விதி பொருந்தாது, ஒரு ஹெலிகாப்டரின் ஆயுளோ மிக நீண்டது. நூரி 50 ஆண்டுக்கு மேல் உழைத்ததை நாமே பார்த்தோம். இன்றைக்கே மிக அமைதியான இறக்கையைக் கண்டுபிடித்தாலும் பிரிக்பீல்ட்ஸ் வானில் அதன் பலன் தெரியக் கைக்குழந்தை கல்லூரிக்குப் போகும் வயதாகிவிடும்.

அதனால்தான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் ஆராய்ச்சி, ஹெலிகாப்டரை மாற்றாமல் அதை ஓட்டும் முறையை மாற்றுவது பற்றியது. 2017இல் நாசாவும் அமெரிக்க வான் போக்குவரத்து நிர்வாகமும் அமெரிக்க இராணுவமும் சேர்ந்து, ராபின்சன், பெல், ஏர்பஸ் நிறுவனங்களின் ஆறு வகைச் சிறு ஹெலிகாப்டர்களை, தரையில் பரப்பிய ஒலிவாங்கிகளுக்கு மேல் வெவ்வேறு சரிவிலும் வேகத்திலும் திருப்பத்திலும் பறக்கவிட்டு அளந்தன. 2019இல் பெரிய வகைகளையும் அப்படியே அளந்தன. சுழி சுழலியின் தளத்திலேயே தங்கும் குறுகிய பட்டையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? விமானி சரிவையோ வேகத்தையோ சற்று மாற்றினால் அந்தப் பட்டையைத் தவிர்த்துவிடலாம். எப்போது வேகத்தைக் குறைக்கத் தொடங்குகிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதும் சத்தத்தை மாற்றுகிறது. ஒரு வகைக்கு நல்லது இன்னொரு வகைக்கு நல்லதாக இராது என்பதால்தான் வகைவகையாக அளக்க வேண்டியிருந்தது. இதற்குப் புதுப் பாகம் வேண்டாம், எடை கூடாது, சான்றிதழ் வேண்டாம். விமானிக்குப் பயிற்சியும் மனமும் இருந்தால் போதும்.

உயரத்தையும் பாருங்கள். தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். அதாவது 150 மீட்டரில் கடக்கும் ஹெலிகாப்டர் 300 மீட்டரில் கடந்தால், உலகின் சிறந்த ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் அரும்பாடுபட்டுப் பெற்ற அதே அளவு, தரையிலிருப்பவருக்கு அன்றைக்கே கிடைத்துவிடுகிறது. நெரிசலான நகரின் மேல், அருகிலுள்ள மிக உயர்ந்த தடையிலிருந்து 300 மீட்டர் மேலே பறக்க வேண்டும் என்பது பொதுவான அனைத்துலக விதி. இறங்குவதற்கும் ஏறுவதற்கும் அதில் விலக்கு உண்டு. அந்த விலக்குக்குள்தான் உங்கள் தொல்லை இருக்கிறது. கோலாலம்பூரில் விமானி எப்போதும் நினைத்த உயரத்தில் வர முடியாது என்பதும் உண்மை. பிற்பகல் மேகம் தாழ்ந்துவிடும், சுபாங்குக்கு வரும் விமானங்களின் பாதைக்குக் கீழே இருக்கும்படி கட்டுப்பாட்டு அறை சொல்லும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து இறங்குதளத்தை அணுகுவது என்பதில் பெரும்பாலும் தெரிவு உண்டு. கூட்டரசு நெடுஞ்சாலை போன்ற ஏற்கெனவே இரைச்சலான சாலையின் மேலாகவோ கிள்ளான் ஆற்றின் மேலாகவோ வந்தால், அதே சத்தம் மிகக் குறைவான படுக்கையறைகளைத் தொடும்.

பாதையை மாற்றுவதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் வடகரையில் ஹெலிகாப்டர்கள் கடலோரப் பாதையிலேயே போக வேண்டும் என்று அமெரிக்க வான் போக்குவரத்து நிர்வாகம் 2012இல் கட்டாயமாக்கியது. கடலோரம் போனவை கடைசியில் எங்கோ ஓரிடத்தில் நிலத்தைக் கடக்கத்தானே வேண்டும்? அங்கே இருந்தவர்கள் குறைகூறத் தொடங்கினார்கள். ஒரு பேட்டையின் தொல்லையை இன்னொரு பேட்டைக்குத் தள்ளுவது தீர்வாகாது. பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர் கேட்பது செந்தூலில் இருப்பவரின் தலையில் விடியக்கூடாது.

மின்சார வான்டாக்சிகள் வந்தால் இதெல்லாம் தீருமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஜோபி நிறுவனத்தின் ஊர்தியை நாசா 2021இல் அளந்தபோது, 500 மீட்டர் உயரத்தில் கடக்கையில் ஏறத்தாழ 45 டெசிபல்தான் பதிவாயிற்று. அது உண்மையில் மிகக் குறைவு. பல சிறு சுழலிகளை மெதுவாகச் சுற்றுவதன் பலன் அது. ஆனால் ஒன்று அமைதியாக இருப்பது வேறு, நாள் முழுவதும் நூறு வருவது வேறு.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. நோயாளியைக் கொண்டுவரும் ஹெலிகாப்டரையும் தேடி மீட்கும் ஹெலிகாப்டரையும் விட்டுவிடுங்கள். அவை எப்போது வேண்டுமானாலும் வரட்டும். தேசிய தின ஒத்திகையில் கொடியைத் தொங்கவிட்டுப் போகும் அணியும் சில நாள் விஷயம். முன்கூட்டியே அறிவிக்கப்படும் நேரத்தைப் பார்த்துக் குழந்தையை உள்ளறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு, இரண்டு மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள்: நாள், மணி, எந்தத் திசையிலிருந்து வந்தது, நேராகக் கடந்ததா இறங்கியதா, உங்கள் மாடிக்கு மேலா கீழா, எதிரே தெரியும் எந்தக் கட்டடத்தின் உயரத்துக்கு இருந்தது, தடதடப்பு எத்தனை நொடி நீடித்தது. கைப்பேசியில் காணொளி எடுத்தால் பின்னணியில் ஒரு கட்டடம் தெரியும்படி எடுங்கள். உயரத்தைக் கணக்கிட அது உதவும். டெசிபல் காட்டும் கைப்பேசிச் செயலியின் எண்ணை எழுத வேண்டாம், நான் மேலே சொன்ன காரணத்தால் அது உங்களுக்கே எதிராகப் போகும். கண்ணாடி நடுங்கியதா, குழந்தை விழித்ததா என்பதை எழுதுங்கள்.

அந்தக் குறிப்புகளோடு குடியிருப்பு நிர்வாகக் குழுவின் பெயரில் மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையத்துக்கும், எந்த இறங்குதளம் என்று தெரிந்தால் அதை நடத்துபவருக்கும் கடிதம் எழுதுங்கள். "சத்தத்தை நிறுத்துங்கள்" என்று எழுதினால் பதில் வராது. மூன்றே கேள்வி கேளுங்கள்: இந்த இறங்குதளத்துக்கு வகுக்கப்பட்ட அணுகுபாதை எது, வேறு பக்கத்திலிருந்து அணுக முடியாததற்குக் காரணம் என்ன, இங்கே வரும் ஹெலிகாப்டர் வகைக்குச் சத்தம் குறைந்த இறங்குமுறை உண்டா, விமானிகள் அதைப் பின்பற்றுகிறார்களா. மூன்றாவது கேள்வியைப் பார்த்ததும், கேட்பவர் விஷயம் தெரிந்தவர் என்பது எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். கடிதத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத உதவி வேண்டுமானால், உங்கள் நோட்டுப் புத்தகப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.